நடுவுநிலைமை: குணமா, முறையா?

தமிழ் இலக்கியத்தில் நீதியைப் போற்றும் குரலுக்குக் குறைவில்லை. திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தார். எந்தப் பக்கமும் சாயாத துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக்கினார். ஆட்சிநெறியில் தவறிய அரசனை அறமே கொல்லும் என்னும் கருத்தை இளங்கோவடிகள் தம் காப்பியம் உணர்த்தும் மூன்று உண்மைகளுள் ஒன்றாக நிறுத்தினார். சேக்கிழார் பெருமான் அடியார்களின் வரலாற்றைத் தொடங்குமுன் திருவாரூரின் சிறப்பைச் சொல்ல வந்து, மனுநீதிச் சோழனின் கதையையே அந்நகரின் பெருமையாக எடுத்துரைத்தார். நீதி வழுவாமை தமிழரின் உயிர்நாடி என்று மேடைதோறும் முழங்கப்படுவதற்கு இவையெல்லாம் சான்றுகள்.

இத்துணைப் புகழுரைகளுக்கு நடுவே அதிகம் கேட்கப்படாத வினா ஒன்று உண்டு. துலாக்கோல் செம்மையாகவே இருக்கலாம். ஆனால், அதனைத் தூக்கிப் பிடித்திருப்பவரே சரக்குக்கும் உரியவராக இருந்தால், அந்த நிறையை யார் நம்புவது? நீதி வழங்குபவரின் நெஞ்சம் நேர்மையானதா என்று கேட்பது ஒன்று. அவர் அந்த வழக்கை விசாரிக்கும் இடத்தில் அமரலாமா என்று கேட்பது வேறொன்று. முதற்கேள்வியைத் தமிழிலக்கியம் ஆயிரம் முறை கேட்டிருக்கிறது. இரண்டாவது கேள்வியை அது கேட்டதா என்பதே ஆராயத்தக்கது.

இது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. 1988ஆம் ஆண்டில் மலேசிய நாட்டின் தலைமை நீதிபதி பதவியிலிருந்து நீக்கப்பட்டபோது, இவ்வினாவே நாட்டின் நடுக்கூடத்தில் வந்து நின்றது. அந்நிகழ்ச்சியின் ஒளியில் பழைய நீதிக் கதைகளைத் திரும்பப் படிப்பதும், அக்கதைகளின் ஒளியில் அந்நிகழ்ச்சியை எடைபோடுவதும் பயனுடைய செயலாகும்.

பாண்டியன் அவையில் நடந்தது என்ன?

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை அறியாத தமிழ் மாணவர் இலர். கண்ணகி வாயிலில் வந்து நிற்கிறாள். அரசன் முன் முறையிடுகிறாள். அரசியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்தமை வெளிப்படுகிறது. தானே கள்வன் என்று சொல்லி நெடுஞ்செழியன் உயிர் விடுகிறான். வளைந்த செங்கோலைத் தன் உயிரைக் கொடுத்து அவன் நிமிர்த்தினான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் பாராட்டு. அப்பாராட்டு தவறன்று. ஆயினும், அது கதையின் பிற்பகுதியை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் பாராட்டு.

முற்பகுதியாகிய கொலைக்களக் காதைக்குச் சென்றால், காட்சி வேறாகத் தெரியும். அரசன் ஆடல் மகளிரின் கூத்தில் மனம் தோய்ந்திருக்கிறான். அரசி தலைவலி என்று சொல்லி ஊடலோடு எழுந்து போய்விடுகிறாள். அவளது ஊடலைத் தீர்க்க அரசன் விரைந்து நடக்கும் வேளையில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். காணாமற்போனது அரசியின் சிலம்பு. குற்றம் சாட்டுபவனோ அச்சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே. அரசன் விசாரணை நடத்தவில்லை. கோவலனை அழைத்து ஒரு சொல் கேட்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதனைக் கொண்டு வருமாறு ஊர்க்காவலர்க்கு ஆணையிடுகிறான்.

உரையாசிரியர்களும் திறனாய்வாளர்களும் இவ்விடத்தில் ஊழ்வினையைக் காரணம் காட்டுவர். சிலர் அரசனின் அவசரத்தைக் குறை கூறுவர். சிலர் அவன் சொல்ல நினைத்தது ஒன்று, நாவில் வந்தது வேறொன்று என்று அமைதி காண்பர். இவை மூன்றும் அரசனின் நெஞ்சை ஆராய்கின்றன. அவன் நின்ற இடத்தை ஆராயவில்லை. அவ்வழக்கில் பொருளை இழந்தவன் அரசன். குற்றத்தை விசாரிக்க வேண்டியவனும் அரசன். தண்டனை விதித்தவனும் அவனே. சிலம்பு விரைவில் கிடைத்தால் நன்மை பெறுபவனும் அவனே. ஏனெனில், அரசியின் ஊடல் அதனால் தணியக்கூடும். நான்கு பாத்திரங்கள் ஓர் ஆளிடம் சேர்ந்த பிறகு, தவறு நிகழ்வதற்கு ஊழ்வினை பெருமுயற்சி எடுக்க வேண்டியதில்லை.

கொலைக்களத்தில் காவலர் சிலர் கோவலனைக் கண்டு, இவன் தோற்றம் கொலைக்குரிய கள்வனுடையதன்று என ஐயுற்றனர் என்பதையும் இளங்கோவடிகள் மறவாமல் பதிவு செய்கிறார். பொற்கொல்லன் களவு நூலை விரித்துரைத்து அந்த ஐயத்தை நகைத்து ஒதுக்குகிறான். முடிவில் கள்வெறி கொண்ட காவலன் ஒருவன் வாளை ஓச்சுகிறான். ஐயம் எழுந்தது, அந்த ஐயத்தைக் கொண்டு செல்ல ஓர் இடம் இல்லை. நீதிபதியே வழக்காளியாக இருக்கும் ஊரில் மேல்முறையீடு எங்கே செய்வது? கண்ணகிதான் அந்த மேல்முறையீடு. அதுவும் உயிர் போன பிறகு வந்த மேல்முறையீடு.

தன்னையே வென்ற நீதிபதிகள்

மனுநீதிச் சோழன் கதை இதற்கு நேர் எதிரானது போல் தோன்றும். தேர்க்காலில் கன்று மடிகிறது; பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது; குற்றவாளி அரசனின் ஒரே மகன். அமைச்சர்கள் கழுவாய் செய்தால் போதும் என்கின்றனர். பிறர் செய்தால் ஒரு நீதி, என் மகன் செய்தால் வேறொரு நீதியோ என்று அரசன் மறுக்கிறான். மகன்மேல் தேரைச் செலுத்த ஆணை பெற்ற அமைச்சன் அதனைச் செய்ய மாட்டாமல் தன் உயிரை விடுகிறான். பின்னர் அரசனே தேரைச் செலுத்துகிறான். பொற்கைப் பாண்டியனோ ஓர் இல்லத்தின் கதவைத் தட்டிய தன் குற்றத்திற்காகத் தன் கையையே குறைத்துக்கொண்டான்.

இக்கதைகளின் பெருமை மறுக்கத்தக்கதன்று. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் கருத்தை இவற்றைவிட அழுத்தமாகச் சொல்லும் கதைகள் அரியவை. ஆயினும், ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. இக்கதைகளில் நடுவுநிலைமை என்பது ஒரு தனி மனிதனின் வீரமாகவே காட்டப்படுகிறது. தன் பாசத்தையும் தன் நலத்தையும் மிதித்துக்கொண்டு நிற்பவனே நீதிமான். அப்படி மிதிக்க இயலாதவன் வந்து அதே இருக்கையில் அமர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கதையில் விடை இல்லை.

இன்னொன்றும் உண்டு. தன் மகனின் வழக்கைத் தானே விசாரிப்பவன் இரு பக்கமும் தவறக்கூடும். பாசத்தால் தளர்ந்தும் தீர்ப்பளிக்கலாம். பாசம் என்று ஊரார் பழிப்பரோ என்னும் அச்சத்தால் மிகக் கடுமையாகவும் தீர்ப்பளிக்கலாம். அறியாமல் நேர்ந்த விபத்துக்கு உயிர்த்தண்டனை தகுமா என்பதை வேறொருவர் நிதானமாக ஆராய்ந்திருக்கக் கூடும். இந்த வழக்கைத் தாங்கள் விசாரிக்க வேண்டா, மற்றொருவர் விசாரிக்கட்டும் என்று அரசனிடம் சொல்வதற்கு அந்த அவையில் இடம் இல்லை. அமைச்சனின் உயிரும் அதனாலேயே போயிற்று.

மரபில் மறைந்து கிடக்கும் மாற்று வழி

அவ்வாறெனில், தமிழ் மரபு நீதிபதியின் குணத்தை மட்டுமே நம்பியது, முறையை அறியவில்லை என்று முடிவு கட்டிவிடலாமா? அது பிழையாகும். மூன்று சான்றுகள் அம்முடிவைத் தடுக்கின்றன.

முதலாவது, பழமொழி நானூறு குறிப்பிடும் கரிகாலன் கதை. வழக்கோடு வந்த முதியோர் இருவர், இத்துணை இளைஞன் முறை அறிந்து தீர்ப்புச் சொல்வானோ என்று ஐயுற்றனர். கரிகாலன் நரைமுடி தரித்து முதியவனாக வந்து வழக்கைக் கேட்டான். இக்கதை அரசனின் அறிவுத்திறத்தைப் புகழவே எடுத்தாளப்படுகிறது. ஆனால், அதனுள் புதைந்திருக்கும் உண்மை வேறு. நீதிபதிக்குத் தன் திறமையில் ஐயம் இல்லை; வழக்காளிக்கு ஐயம் இருந்தது. அந்த ஐயம் மதிக்கப்பட்டது. வழக்காளியின் நம்பிக்கை இல்லாமல் சொல்லப்படும் தீர்ப்பு, சரியாக இருந்தாலும் முழுமையான தீர்ப்பாகாது என்பதே அக்கதையின் உட்பொருள். வேடத்தால் அந்நம்பிக்கையைப் பெற்றது போதுமா என்பது தனிக் கேள்வி.

இரண்டாவது, திருக்குறள். அரசன் பணிக்கு ஆள் தெரியும் முறையைப் பேசும் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில், அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு அறிவற்றவரைத் தெரிந்தெடுப்பது எல்லா மடமையையும் கொண்டுவரும் என வள்ளுவர் எச்சரிக்கிறார். துலாக்கோலைப் பற்றிப் பேசிய அதே நூல், கோலைப் பிடிக்கும் கையை யார் தெரிந்தெடுக்கிறார், எதற்காகத் தெரிந்தெடுக்கிறார் என்பதையும் பேசியிருக்கிறது. மேடையில் நடுவுநிலைமை அதிகாரம் அடிக்கடி ஒலிக்கிறது. இந்த அதிகாரம் அவ்வளவாக ஒலிப்பதில்லை.

மூன்றாவது, உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தெரிந்தெடுக்கும் முறையை வகுக்கின்றன. வயது, நிலம், கல்வி ஆகிய தகுதிகளோடு தகுதியின்மைகளும் அங்கே விரிவாகச் சொல்லப்படுகின்றன. அண்மை மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் வரலாகாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது என்று உறவுமுறைகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது கல்வெட்டு. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாத சிறுவன்.

அச்சபை சில வகுப்பாருக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்னும் குறை உண்மையே. ஆயினும், அதன் நுட்பம் வியக்கத்தக்கது. உறவினன் கெட்டவன் என்று கல்வெட்டு சொல்லவில்லை. அவன் மனுநீதிச் சோழனாகவே இருக்கலாம். அதை ஆராயும் தொல்லையே வேண்டா, அவன் அந்த இடத்தில் அமரலாகாது என்று ஒதுக்கிவிடுகிறது. குணத்தைச் சோதிப்பதற்கு முன்பே தொடர்பைத் துண்டிப்பதுதான் முறை.

தோட்டத்து மக்கள் அறிந்த உண்மை

இந்த உண்மையை மலேசியத் தமிழர் கல்வெட்டைப் படித்து அறிய வேண்டியதில்லை. லாபிஸ் போன்ற சிற்றூர்களைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களின் வாழ்க்கையே அதனைக் கற்பித்தது. லயங்களில் எழுந்த சச்சரவுகளைக் கங்காணி விசாரித்த காலம் ஒன்று இருந்தது. கங்காணிக்கு வேலைக்கு இறங்கும் ஆளுக்கு இவ்வளவு எனத் தலைக்காசு கிடைத்து வந்தது. ஆள் குறைந்தால் அவருடைய வருமானம் குறையும். துரையின் தயவு போனால் பதவியே போகும். கணவன் மனைவி சண்டையையும் கோழி களவு போன வழக்கையும் அவர் நியாயமாகவே தீர்த்திருக்கலாம். கூலி குறைந்தது என்னும் முறையீட்டை அவர் முன் வைப்பது எப்படி? வேறு தோட்டத்துக்குப் போக விரும்பும் குடும்பத்தின் வழக்கை அவர் எப்படி விசாரிப்பார்? கங்காணி நல்லவரா கெட்டவரா என்பது அங்கே கேள்வியன்று. அவர் சோறு எந்தப் பானையிலிருந்து வருகிறது என்பதே கேள்வி. தலைக்காசு வாங்குபவரால் தலைகளின் வழக்கைத் தீர்க்க முடியாது.

1988: நாட்டின் வழக்கு

1987 ஏப்ரல் 24ஆம் நாள் நடந்த அம்னோ கட்சித் தேர்தலில் பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது 761 வாக்குகளும், தெங்கு ரசாலி ஹம்சா 718 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 43 வாக்குகளே. பதிவு பெறாத கிளைகளின் பேராளர்கள் வாக்களித்தனர் என்று கூறி, அம்னோ உறுப்பினர் பதினொருவர் நடத்திய வழக்கில், 1988 பிப்ரவரி 4ஆம் நாள் உயர் நீதிமன்ற நீதிபதி ஹருன் ஹாசிம் அம்னோவையே சட்டத்துக்குப் புறம்பான அமைப்பு என்று தீர்ப்பளித்தார். ஆளும் கூட்டணியின் முதன்மைக் கட்சி ஒரு நாளில் இல்லாமற் போயிற்று. அந்நாளில் லாபிஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் லிங் லியோங் சிக், சில நாள்களுக்குத் தேசிய முன்னணியின் தலைமைப் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. தலைநகரத்து நீதிமன்ற அறை ஒன்றில் சொல்லப்பட்ட சொல் லாபிஸ் வரையிலும் எட்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

அடுத்த மார்ச் மாதத்தில் அரசியல் சட்டத்தின் 121ஆம் பிரிவு நாடாளுமன்றத்தில் திருத்தப்பட்டது. நாட்டின் நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உரியது என்றிருந்த வாசகம் நீக்கப்பட்டு, நாடாளுமன்றச் சட்டம் வழங்கும் அதிகாரமே நீதிமன்றங்களுக்கு உண்டு என்றாயிற்று. பிரதமர் நீதித்துறையைப் பொதுவில் கடுமையாக விமர்சித்து வந்த காலம் அது. மார்ச் 25ஆம் நாள் நீதிபதிகள் கோலாலம்பூரில் கூடினர். அக்கூட்டத்தின் முடிவுப்படி, நாட்டின் தலைமை நீதிபதியான துன் சாலே அபாஸ் மாமன்னருக்கும் மலாய் ஆட்சியாளர்களுக்கும் மறுநாள் கடிதம் எழுதினார். அம்னோ வழக்கின் மேல்முறையீட்டை ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஜூன் 13ஆம் நாள் விசாரிக்கும் எனவும் அவர் நாள் குறித்தார். அந்நாள் வருமுன், மே மாத இறுதியில், அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் அக்கடிதமும் ஒன்று.

அவரை விசாரிக்க அரசியல் சட்டத்தின் 125ஆம் பிரிவின்படி ஆறு பேர் கொண்ட நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் டான்ஸ்ரீ அப்துல் ஹமீது ஓமார். அவர் அப்போது தற்காலிகத் தலைமை நீதிபதி. போர்னியோ தலைமை நீதிபதி, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், மக்களவைத் தலைவர், இலங்கைத் தலைமை நீதிபதி ரணசிங்க, சிங்கப்பூர் நீதிபதி சின்னத்துரை ஆகியோர் ஏனையோர். துன் சாலே மன்றத்தின் அமைப்பையே எதிர்த்தார். அதன் முன் தோன்றவில்லை. ஜூலை 2ஆம் நாள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவர் கூடி, மன்றத்தின் அறிக்கை மாமன்னரிடம் செல்வதற்கு இடைக்காலத் தடை விதித்தனர். சில நாள்களில் அந்த ஐவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். ஆகஸ்ட் 8ஆம் நாள் துன் சாலே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதே மாதத்தில் பதினொருவரின் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. அக்டோபரில் ஐவருள் டான்ஸ்ரீ வான் சுலைமான், டத்தோ ஜார்ஜ் சியா ஆகிய இருவர் நீக்கப்பட்டனர். மூவர் பணிக்குத் திரும்பினர். ஆண்டு முடிவதற்குள் டான்ஸ்ரீ அப்துல் ஹமீது நாட்டின் தலைமை நீதிபதியானார்.

எது குறை?

இவ்வரலாற்றில் யார் நல்லவர், யார் தீயவர் என்று ஆராய்வது எளிது, பயன் குறைவு. நடுவர் மன்றத்தின் அறுவரும் மனச்சான்றுக்கு மாறாக நடந்தனர் என்று நிறுவாமலேயே, அவ்விசாரணையின் குறையைக் காட்ட முடியும்.

துன் சாலே நீக்கப்பட்டால், அந்த இருக்கைக்கு அடுத்த நிலையில் இருந்தவர் மன்றத்தின் தலைவர். கடிதத்துக்குக் காரணமான மார்ச் 25 கூட்டத்தில் அவரும் கலந்துகொண்டவர். ஆகவே, அவர் அவ்வழக்கில் சாட்சியாக அழைக்கப்படத் தக்கவர். தீர்ப்பினால் நலம் பெறக்கூடியவராகவும் சாட்சியாகத் தக்கவராகவும் இருந்தவர் நீதிபதியாகவும் அமர்ந்தார். நெடுஞ்செழியனிடம் சேர்ந்த பாத்திரங்கள் இங்கும் வேறு வடிவில் சேர்ந்தன. மக்களவைத் தலைவர் பொறுப்பிலிருந்த ஒருவர், பிரதமரும் தலைமை நீதிபதியும் எதிரெதிரே நின்ற வழக்கை விசாரித்ததும் அவ்வாறே. குற்றச்சாட்டை மாமன்னரிடம் கொண்டு சென்றவர் பிரதமர். மன்றத்தின் உறுப்பினர்கள் அமர்த்தப்பட்டதும் அரசின் ஆலோசனைப்படியே.

ஆங்கிலச் சட்ட மரபில் 1852ஆம் ஆண்டின் டைம்ஸ் வழக்கு புகழ்பெற்றது. பிரபு காட்டன்ஹாம் என்னும் உயர்நிலை நீதிபதி, கால்வாய் நிறுவனம் ஒன்றுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்நிறுவனத்தின் பங்குகள் அவரிடம் இருந்தமை பின்னர் தெரியவந்தது. பங்குகளுக்காக அவர் தீர்ப்பை வளைத்தார் என்று எவரும் கருதவில்லை. ஆயினும், பிரபுக்கள் சபை அவருடைய ஆணையை ஒதுக்கியது. 1923ஆம் ஆண்டில் மற்றொரு வழக்கு. நீதிமன்ற எழுத்தர் ஒருவர் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் நிறுவனத்தைச் சேர்ந்தவர். நீதிபதிகள் தனியறையில் முடிவெடுத்தபோது அவரும் உடன் சென்றிருந்தார்; ஒரு சொல்லும் பேசவில்லை. அத்தீர்ப்பும் கவிழ்ந்தது. நீதி வழங்கப்பட்டால் போதாது, வழங்கப்படுவது ஐயத்துக்கு இடமின்றிக் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்னும் கோட்பாடு அவ்வழக்கில்தான் பிறந்தது. உத்திரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டியதும், கரிகாலனிடம் வந்த முதியோர் மனத்தில் எண்ணியதும் இதுவே.

மறுப்புகளும் விடைகளும்

இதற்கு மூன்று மறுப்புகள் சொல்லப்படுவதுண்டு. தலைமை நீதிபதியை விசாரிக்க அவருக்கு அடுத்தவரே தகுதியானவர் என்பது முதல் மறுப்பு. வேறு ஆளே இல்லாத நிலையில் அது ஏற்கத்தக்கது. ஆனால், ஓய்வு பெற்ற தலைமை நீதிபதிகளையும் பிற காமன்வெல்த் நாடுகளின் நீதிபதிகளையும் அமர்த்த அரசியல் சட்டம் இடம் தருகிறது. வெளிநாட்டிலிருந்து இருவரை அழைத்தவர்க்குத் தலைமைக்கும் ஒருவரை அழைப்பது அரிதன்று.

நேர்மையான நீதிபதியை ஐயுறுவது அவரை இழிவுபடுத்துவதாகும் என்பது இரண்டாவது. உண்மையில், விலகி நிற்கச் சொல்வதே அவரைக் காப்பதாகும். டான்ஸ்ரீ அப்துல் ஹமீது அன்று விலகியிருந்தால், பின்னர் அவர் பெற்ற பதவியின்மீது நிழல் விழுந்திராது. அவருடைய தீர்ப்பு முற்றிலும் சரியானது என்றே வைத்துக்கொண்டாலும், அதனை மெய்ப்பிக்கும் வழியை அவர் அமர்ந்த இருக்கையே அடைத்துவிட்டது.

எல்லா நீதிபதிகளையும் யாரோ ஒருவர்தானே நியமிக்க வேண்டும், நியமித்தவர்க்கெல்லாம் நீதிபதி கடன்பட்டவர் என்றால் உலகில் நீதிமன்றமே நடவாது என்பது மூன்றாவது. இது வலிமையான மறுப்பு. அரசியல்வாதி நியமித்த காரணத்தால் ஒருவர் சாய்ந்த தராசாகிவிட மாட்டார். ஆளும் கட்சிக்கு எதிராகத் தீர்ப்பளித்த நீதிபதி ஹருன் ஹாசிமும் பிரதமரின் ஆலோசனை வழியாக நியமனம் பெறும் அதே முறையில் வந்தவரே. எனவே, நியமனம் மட்டும் குற்றமன்று. நியமித்த கையே நீக்கவும், உயர்த்தவும், விசாரணை மன்றத்தை அமைக்கவும் வல்லதாக இருப்பதே குற்றம். கங்காணிக்குப் பதவி கொடுத்தவர் துரை என்பதால் மட்டும் தொல்லை வரவில்லை; ஒவ்வொரு நாளும் தலைக்காசும் துரையிடமிருந்தே வந்ததால் தொல்லை வந்தது.

பின்னர் நடந்தவை

காலம் சில கதவுகளைத் திறந்தது. நீதிபதிகள் நியமனம் குறித்து வழக்குரைஞர் ஒருவர் தொலைபேசியில் பேரம் பேசுவதுபோல் காட்டிய ஒளிப்படம் 2007 செப்டம்பரில் வெளியானது. வழக்குரைஞர்கள் புத்ராஜெயாவில் ஊர்வலம் சென்றனர். அரச விசாரணை ஆணையமும் அமைந்தது. 2008 ஏப்ரலில் பிரதமர் அப்துல்லா அகமது படாவி, 1988இல் பாதிக்கப்பட்ட ஆறு நீதிபதிகளுக்கு நல்லெண்ணத் தொகை வழங்கப்படும் என அறிவித்தார். அதே ஆண்டில், இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையில் வழக்குரைஞர் அமைப்புகள் ஏற்படுத்திய சான்றோர் குழு, அந்த நீக்கங்கள் நியாயமற்றவை என்று முடிவு கூறியது. துன் சாலே 2021 ஜனவரியில் காலமானார். இருபது ஆண்டுகள் காத்திருந்து, தாம் குற்றவாளியல்லர் என்னும் சொல்லைத் தம் காதால் கேட்கும் பேறு அவருக்குக் கிட்டியது. கோவலனுக்கு அது கிட்டவில்லை.

2009ஆம் ஆண்டில் நீதித்துறை நியமன ஆணையச் சட்டம் வந்தது. நீதிபதிகளின் பெயர்களை ஆராய்ந்து பரிந்துரைக்க ஒன்பது பேர் கொண்ட ஆணையம் அமைந்தது. இது பெரிய முன்னேற்றம். ஆயினும், அவ்வொன்பது பேருள் நால்வர் தம் பதவி காரணமாக அமர்பவர்கள். ஏனைய ஐவரைப் பிரதமரே நியமிக்க அச்சட்டம் வழி செய்தது. ஆணையம் தந்த பெயர்கள் ஏற்புடையன அல்ல எனில், வேறு பெயர்களைக் கேட்கவும் பிரதமருக்கு இடம் உண்டு. 2025 ஜூலையில் உயர் நீதிபதிப் பதவிகள் சில காலியாகி, நியமனங்கள் தாமதமானபோது, வழக்குரைஞர்கள் மீண்டும் புத்ராஜெயாவில் நடந்தனர். 2007க்கும் 2025க்கும் இடையே ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின. கேள்வி மாறவில்லை. குடத்திலிருந்து ஓலையை எடுக்கும் கை எவருடையது?

எழுத்தாளரின் கடன்

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளும் நாவல்களும் கங்காணியின் கொடுமையையும் கிராணியின் சூழ்ச்சியையும் நிறையவே பதிவு செய்திருக்கின்றன. பெரும்பாலும் அவை கொடியவன் ஒருவனைக் காட்டிக் கண்ணீரை வரவழைக்கின்றன. முடிவில் நல்லவன் ஒருவன் வந்து குறை தீர்க்கிறான். மனுநீதிச் சோழனுக்காகக் காத்திருக்கும் மனப்பான்மையின் தொடர்ச்சியே இது. நல்லவனே கங்காணியாக வந்தாலும் வழக்கு ஏன் தோற்கிறது என்பதைக் காட்டும் கதை அரிதாகவே எழுதப்படுகிறது. அவ்வாறு எழுதப்படும் கதையே வாசகனைக் கண்ணீரிலிருந்து கேள்விக்கு அழைத்துச் செல்லும்.

இளங்கோவடிகள் அக்கேள்விக்கு மிக அருகில் வந்தவர். பாண்டியனை அவர் கொடியவனாகப் படைக்கவில்லை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று கேட்டவுடன் மறையாமல் சொன்னவன் அவன். உண்மை தெரிந்ததும் ஒரு நொடியும் உயிர் தரிக்காதவன். அத்தகைய நல்லவனின் அவையில்தான் அத்தகைய பிழை நிகழ்ந்தது. காப்பியத்தின் அச்சம் தரும் பகுதி இதுவே. நல்ல அரசன் இருந்தும், நல்ல சட்டம் இருந்தும், அமரக்கூடாத இடத்தில் அவன் அமர்ந்த ஒரே காரணத்தால் குற்றமற்றவனின் தலை வீழ்ந்தது. மதுரை எரிந்தது.

நீதிபதிக்கு நல்ல நெஞ்சம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அந்த நெஞ்சத்தைச் சோதனைக்கு உள்ளாக்காத முறையும் வேண்டும். முன்னதைக் கடவுள் தருவார் என்று காத்திருக்கலாம். பின்னதை மக்கள்தாம் எழுதிவைக்க வேண்டும். உத்திரமேரூரில் அதைக் கல்லில் எழுதிவைத்தார்கள்.